எஞ்சின் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, தோழர்களே

தோக்கியோவில் யாசுகுனி கோயில் வளாகத்துக்குள்ளேயே யூஷூகான் என்றொரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. வாசல் கூடம் வரைக்கும் போக டிக்கெட் வேண்டாம். அந்தக் கூடத்தில் ஒரு ஜீரோ போர் விமானம் நிற்கிறது. அதோடு, கறுப்புச் சாயம் மின்ன, கல்யாண மாப்பிள்ளை கணக்காக ஒரு நீராவி எஞ்சின். சி56 வகை, எண் 31. 1936இல் ஜப்பானில் செய்தது.

நமக்கு அந்நியமான எஞ்சின் இல்லை அது. 1943 அக்டோபர் 25ஆம் தேதி சயாம்–பர்மா மரண ரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் அதுதான். அது ஓடிய கம்பிச்சடக்கைப் போட்டவர்களில் நம் மலாயாத் தோட்டத்து ஆட்கள் எத்தனை ஆயிரம் என்று இன்றைக்கும் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. எஞ்சினுக்கு எண் இருக்கிறது, பிறந்த ஆண்டு இருக்கிறது, கப்பலேறிய கதை இருக்கிறது. கம்பி போட்டவனுக்குப் பெயர்கூட இல்லை.

இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். வருத்தப்பட்டே எண்பது வருஷத்தை ஓட்டிவிட்டோம். உங்களுக்கு வேலை கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எஞ்சினை ஜப்பானியர்கள் எப்படி ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று முதலில் கேளுங்கள். 1941, 42இல் ஜப்பான் ராணுவம் சி56 வகையில் 1 முதல் 90 வரையிலான எஞ்சின்களை மொத்தமாக எடுத்து இந்தப் பக்கம் அனுப்பியது. ஜப்பானில் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர். சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவிலும், நம் மலாயாவிலும், மீட்டர் கேஜ், அதாவது 1,000. சக்கரங்களை 67 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி அனுப்பினார்கள். போர் முடிந்தது. தோற்றவர்கள் ஊர் போனார்கள், எஞ்சின்கள் இங்கேயே நின்றுவிட்டன. சயாம் ரயில்வே தன் பக்கம் நின்றவற்றுக்குப் புது எண் போட்டு வேலை வாங்கியது. 31ஆம் எண் எஞ்சின் 725 ஆனது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அது சுமக்காத சுமை இல்லை.

1970களில் தாய்லாந்தில் நீராவிக் காலம் முடியப்போகிறது என்று தெரிந்ததும், அந்தப் பாதையில் வேலை பார்த்த ஜப்பானிய ரயில் படைப்பிரிவின் பழைய ஆட்கள் ஒன்றுகூடினார்கள். அப்போதே தலை நரைத்தவர்கள். பணம் திரட்டினார்கள், கேட்டு வாங்கினார்கள், கப்பலேற்றினார்கள். 1979இல் எஞ்சின் யாசுகுனிக்கு வந்து சேர்ந்தது. எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து, தண்ணீர் கரியோடு, 65 டன் பக்கம் வரும். அதைக் கடல் தாண்டி நகர்த்தினார்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருமென்றுதான் நானும் நினைத்தேன். வந்தது பொறாமை. ஒரு பொருள் நமக்கு வேண்டும், அது அழியப்போகிறது, ஆகவே போய் எடுத்துவர வேண்டும் என்று முடிவெடுக்கிற பழக்கம் அவர்களுக்கு இருந்திருக்கிறது. எஞ்சின் என்ன பாவம் செய்தது? இரும்பு அது. ஆனால் அந்தக் கூடத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலரும் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள்: அங்கே அந்தப் பாதை ஒரு பொறியியல் சாதனை, அதைப் போட்டுச் செத்தவர்களின் கதைக்கு அங்கே இடமில்லை.

அதே 1979இல் இன்னொரு சி56உம் தாய்லாந்திலிருந்து ஊர் திரும்பியது. எண் 44. சக்கரத்தைப் பழையபடி 67 மில்லிமீட்டர் வெளியே தள்ளி, ஷிசுவோக்கா மாநிலத்தின் ஓயிகாவா ரயில்வேயில் ஓடவிட்டார்கள். 1980 தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தது. நடுவில் கொதிகலன் கெட்டுப்போனபோது, வேறொரு எஞ்சினின் கொதிகலனைக் கழற்றி மாட்டிப் பிழைக்கவைத்தார்கள். 2015இல் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து, முன்னால் ஒரு முகம் பொருத்தி, தாமஸ் கார்ட்டூனில் வரும் ஜேம்ஸாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தட்டட்டும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சயாம் காட்டில் ஓடிய எஞ்சின் கார்ட்டூன் முகத்தோடு சிரிக்கும்போது, நம் பக்கத்து நினைவு எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தோழர்களே, நம் பக்கத்திலிருந்து சயாமுக்கு ஆட்கள் மட்டும் போகவில்லை, தண்டவாளமும் போனது. பகாங், கிளந்தான் காடுகளுக்குள் ஓடிய கிழக்குக்கரைப் பாதை 1931இல்தான் முடிந்திருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் அதில் நெடுந்தூரத்துக்குக் கம்பியைப் பெயர்த்தான். பெயர்த்த கம்பி மரண ரயில் பாதைக்குப் போனது. நம் பக்கத்தில் அந்தப் பாதையைத் திரும்பப் போட்டு முடிக்க 1950கள் ஆகிவிட்டன. இங்கே கம்பிச்சடக்கு போட்டதிலும் தமிழன் கை உண்டு, பெயர்த்த கம்பியை அங்கே கொண்டுபோய்ப் போட்டதிலும் தமிழன் கை உண்டு. ஒரே தண்டவாளத்தை இரண்டு காட்டில் சுமந்த இனம் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

415 கிலோமீட்டர். சயாமின் பான் போங்கில் தொடங்கி பர்மாவின் தான்பியூசயாட் வரை. 1942 நடுவில் வேலை ஆரம்பித்தது; 1943 அக்டோபர் 17இல் இரண்டு முனையும் கொன்கொயித்தாவில் சந்தித்தன. மலையைப் பிளந்து, பாறையைக் கையால் உளியடித்து, மழைக்காலம் முழுக்க நிற்காமல். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சம் பக்கம்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், நம்மவர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேல் போனதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்.

எப்படிப் போனார்கள் என்பது உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும். போர் வந்து ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அப்போது விளம்பரம் வந்தது: மூன்று மாதம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம். முதலில் சிலர் நம்பிப் போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை என்று தெரிந்தபின் யாரும் நம்பவில்லை. பிறகு லாரி வந்தது. கள்ளுக்கடையில் பிடித்தார்கள், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பிடித்தார்கள், இலவச சினிமா என்று கூட்டிக் கதவைப் பூட்டிப் பிடித்தார்கள். பிள்ளைகுட்டியோடு போன குடும்பங்களும் உண்டு. மூடிய சரக்கு வண்டியில் நான்கைந்து நாள். 1943 மழையில் காலரா வந்தபோது கைதிகளின் முகாமில் அவர்களோடு பிடிபட்ட மருத்துவர்களாவது இருந்தார்கள். நம் முகாமில் பெரும்பாலும் யாருமில்லை. அந்தச் சாவு கைமீறிப் போனபிறகுதான், ஆசியத் தொழிலாளரைக் கவனிக்கக் கைதிகளிலிருந்து இரண்டு மருத்துவப் படைகளை ஜப்பான்காரன் அனுப்பினான். ஒன்று 1943 ஜூன், மற்றது ஆகஸ்ட்.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தவள். தாத்தாவைப் பிடித்துப் போனபோது அவளுக்கு வயது பத்தொன்பது, இடுப்பில் என் அப்பா. போர் முடிந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்திறங்கினார்கள். தாத்தாவைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று அவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். பாட்டி தாலியைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்ன அண்ணனிடம் அவள் கேட்டாளாம்: "தேதி சொல்லு, கழட்டுறேன்." தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று ஐயர் சொன்னார். ஆக வருஷம் தவறாமல் மகாளய அமாவாசைக்கு எங்கள் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைப்போம். இந்த நாட்டில் எத்தனை வீட்டில் இந்த அமாவாசைக்குப் பின்னால் சயாம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எண்ணவில்லை. அதுதான் என் குறை.

காஞ்சனபுரிப் போர்க்கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். காமன்வெல்த் வீரர்கள் 5,084. டச்சு வீரர்கள் 1,896. கடைசி இலக்கம் வரை தெரியும். அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த பலகை, வெட்டிவிட்ட புல், வரிசை பிசகாத பூச்செடி. அந்தக் கைதிகள் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், செத்தவன் பெயரைக் கிழிந்த காகிதத்தில் குறித்துப் புதைத்து வைத்தார்கள், போர் முடிந்ததும் தோண்டியெடுத்துக் கணக்குக் கொடுத்தார்கள். நம் கணக்கு? எழுபதாயிரமா, தொண்ணூறாயிரமா, ஒரு லட்சமா என்று ஆசியத் தொழிலாளர் சாவு இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிறது. 1990இல் அதே காஞ்சனபுரியில் ஒரு கரும்புக்கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வந்தன. கல்லறை இல்லை, பெயர் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். செத்தவர்களுக்காக அந்தப் பாதையில் தமிழில் முதலில் எழுதிவைத்தது யார் தெரியுமா? ஜப்பான் ராணுவமே. 1944இல் காஞ்சனபுரிப் பாலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் எழுப்பிய நினைவுத் தூணைச் சுற்றிப் பல மொழிகளில் பலகை உண்டு, அதில் தமிழும் உண்டு. கொன்றவன் தமிழில் எழுதினான். நாம் எழுத 2023 ஆயிற்று. அந்த வருஷம் மே தினத்தில், தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியிலும் தமிழ்நாட்டு அரசின் உதவியிலும் காஞ்சனபுரியில் நடுகல் நட்டார்கள். அவர்களுக்கு நான் தலை வணங்குகிறேன். இங்கேயும் சிலர் ஆண்டுக்கணக்கில் தனியாளாக அலைந்து, திரும்பி வந்தவர்களைத் தேடிப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார்கள், படம் எடுத்திருக்கிறார்கள், நாவல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டம் போட்டால் முன்வரிசை மட்டும் நிறையும், அவ்வளவுதான். அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்று என்னுடையது, தோழர்களே. நானும் போகாமல் இருந்தவன்தான்.

நாம் ஏன் போகவில்லை? அதே 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அதே தோட்டங்களிலிருந்து இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சயாமுக்குத் தப்பவே சேர்ந்தவர்களும் அதில் உண்டு. அந்த ராணுவத்தின் படத்தை நாம் வீட்டில் மாட்டினோம். ராணுவ உடுப்பு, அணிவகுப்பு, சல்யூட்: பெருமையாகக் காட்டலாம். கிழிந்த கோவணத்தோடு காலராவில் போனவனை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தெரியாமல் பரணில் போட்டுவிட்டோம். பெயர்ப் பட்டியல் போட்டு லாரியில் ஏற்றியவர்களில் நம் கங்காணிகளும் இருந்தார்கள் என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. யூஷூகானைக் குறை சொல்கிறோம். நம் வீட்டுக் கூடத்திலும் ஒரு யூஷூகான் இருக்கிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன்.

1943இல் எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது தொண்ணூறு. அப்பா லாரியில் ஏறியதைக் கண்ணால் பார்த்த கடைசி ஆட்கள் அவர்கள்தான். வரும் வாரம் போய்ப் பாருங்கள், அடுத்த தீபாவளிக்கு என்று தள்ளாதீர்கள். சும்மா "கதை சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் அழுவார்கள், கதை வராது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், கங்காணி பெயர் என்ன, கிராணி யார், லாரியில் கூட ஏறியது யார் யார், மழைக்காலமா வெயிலா, திரும்பி வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். "யார் யார்" என்பதுதான் முக்கியம். ஒரு பாட்டி தன் புருஷன் பெயரோடு இன்னும் நான்கு பெயர் சொல்வாள். அந்த நான்கு வீட்டில் இன்று யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்காது.

தோட்டங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீட்டுமனையானது. லயம் இடியும்போது தோட்டத்து ஆபீசும் இடிகிறது, அதற்குள் இருந்த செக்ரோலும், அதாவது ஆள் பேரேடும், போகிறது. தோட்டத்துக் கோயில் இடம் மாறும்போது பழைய வரவுசெலவு நோட்டு குப்பைக்குப் போகிறது. அந்த நோட்டில், இன்னாருக்காக இன்னார் செய்த பூசை என்று எழுதியிருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டுங்கள்; 1946, 47இல் சேர்ந்த பிள்ளைகளுக்கு அப்பா இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோயில் தலைவர்களே, பள்ளி மேலாளர் வாரியத்தாரே, கரையான் முந்துவதற்குள் அந்தப் பெட்டியைத் திறங்கள். இளைஞர்களில் ஆங்கிலக் கோப்பு படிக்கத் தெரிந்தவர்கள் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்காருங்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் கோப்புகள் அங்கே இருக்கின்றன. சலிப்பான வேலை. அந்த ஜப்பானியக் கிழவர்களுக்கு மட்டும் அத்தனை டன் இரும்பு சலிப்பாக இல்லையா?

இன்னொரு ஆசையும் எனக்குண்டு. பைத்தியக்காரத்தனம் என்றால் சொல்லிவிடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பாதையிலிருந்து ஒரு முழத் தண்டவாளம் ஊருக்கு வர வேண்டும்.

எஞ்சின் கேட்கவில்லை. எஞ்சின் அவர்களுடையது, அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பாங்காக்கின் தோன்புரிப் பணிமனையில் இன்னும் இரண்டு சி56 தாய்லாந்துக்காரர் பராமரிப்பில் உயிரோடு இருக்கின்றன, அவை அங்கேயே இருக்கட்டும். நான் கேட்பது கம்பி. தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதை உருட்டிய ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருக்கும். துருவைத் தேய்த்தால் படிக்கலாம். மரண ரயில் பாதையில் இப்போது நாம் தோக் வரைக்கும்தான் வண்டி போகிறது. அதற்கு மேலே பர்மா எல்லை வரை போரின் பின் பெயர்த்துவிட்டார்கள், அதிலும் நெடுந்தூரம் இப்போது அணைநீருக்கடியில். ஆனாலும் அருங்காட்சியகங்களில், வேலிக்கம்பாக, வீட்டு உத்தரமாக, பழைய கம்பி அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்காமல் போகாது. நம் கிழக்குக்கரைப் பாதையின் கம்பி எந்த ஆலையில் எப்போது உருட்டியது என்று ரயில்வேயின் பழைய ஆட்களுக்கும் ஆவணங்களுக்கும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு, நம் கம்பி என்று உறுதியானதில் ஒரு துண்டை முறைப்படி கேட்டு வாங்க வேண்டும். மீட்டருக்கு முப்பது, நாற்பது கிலோதான். இரண்டு பேர் தூக்கலாம். நம் பாட்டன்மார் அதன் முழு நீளத்தையும் வெறுந்தோளில் தூக்கினார்கள்.

அதை எங்கே நடுவது? என் மனசு கிம்மாஸ் என்கிறது. மேற்குக்கரைப் பாதையும் கிழக்குக்கரைப் பாதையும் பிரிகிற சந்திப்பு அது. பெயர்த்த பாதை புறப்படுகிற இடத்திலேயே கம்பி வந்து நிற்கட்டும். வேறு நல்ல இடம் சொன்னால் சண்டை போட மாட்டேன். அதன் பக்கத்தில் ஒரு சுவர். சுவரில் நீங்கள் சேர்த்துக்கொண்டு வரும் பெயர்கள். தமிழ்ப் பெயர் மட்டும் என்று எல்லை கட்டாதீர்கள்; அதே காட்டில் கிடக்கிற மலாய்க்காரர், சீனர் பெயர் வந்தால் அதையும் எழுதுவோம்.

சிலர் கேட்பார்கள்: இதனால் நஷ்டஈடு வருமா? தெரியாது, அது வழக்கறிஞர்கள் பார்க்க வேண்டியது. வந்தாலும் வராவிட்டாலும் பெயர்ப் பட்டியல் இல்லாமல் யாரிடமும் போய் நிற்க முடியாது. இன்னும் சிலர், பழசைக் கிளறி ஜப்பானை ஏன் பகைக்க வேண்டும் என்பார்கள். யாரையும் பகைக்கச் சொல்லவில்லை. நல்லெண்ணமுள்ள ஜப்பானியர் நம்மோடு வந்து அந்தச் சுவரில் கை வைத்தால் முதல் மாலை அவர்களுக்கே. அந்த எஞ்சினை ஊர் சேர்த்த கிழவர்களிடம் கற்க வேண்டியதும் உண்டு: காரியம் ஆக வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முதல் பத்து வெள்ளி போட வேண்டும், ஒரு நோட்டு வாங்க வேண்டும், முதல் பக்கத்தில் தேதி எழுத வேண்டும்.

நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பெயர் என் தாத்தா, அடுத்த மூன்று பெயரும் அவரோடு லாரியில் ஏறியதாகப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள். ஐந்தாவது வரி காலி. வரும் மகாளய அமாவாசைக்கு முன் உங்கள் வீட்டுப் பெயரோடு வாருங்கள், தோழர்களே.